பத்து நாள்தானே!

கட்கியில் ‘தற்காலிகம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. மதிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே மற்றொன்று.

புணே நகரின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டிக் கிடக்கும் இந்தப் படைநகர் பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தாயகம். பக்கத்திலேயே தாபோடியில் இராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. விரைவாகக் கட்டி, தேவை முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லும் பாலங்களை அமைப்பது இப்படையின் தொழில். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் இறந்தனர். அதன்பின் அங்கே புதிய நடைமேம்பாலத்தை அமைத்துத் தந்தவர்கள் இப்படையினரே. 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று வயநாடு. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின், சூரல்மலையில் மதராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளப் பெய்லி பாலம் ஒன்றை இரண்டு நாளுக்குள் எழுப்பினர். அவசரத்தின் உச்சம் அது. ஆற்றுக்கு அப்பால் மனிதர்கள் சிக்கிக் கிடந்தனர். ஆயினும் அப்பாலம் 24 டன் தாங்கும் என்ற வகை எண்ணோடுதான் பயன்பாட்டுக்கு வந்தது. எத்தனை நாள் நிற்கப்போகிறது என்பது அவ்வெண்ணை எழுதாமல் விடுவதற்குக் காரணமாகவில்லை.

மதிலுக்கு வெளியே, கட்கி பஜாரிலும் புணேயின் பிற தெருக்களிலும், ஆண்டுதோறும் கணேஷ் விழாவை ஒட்டி வேறொரு தற்காலிகக் கட்டுமானம் எழுகிறது. கோயில் கோபுரம், கோட்டை வாயில், அரண்மனை முகப்பு என மண்டல்கள் எழுப்பும் அலங்காரத்தை மராத்தியில் ‘தேகாவா’ என்பார்கள். இந்தியாவின் மிகப் பெரிய பொதுவெளிக் கலை இதுதான். காட்சிக்கூடச் சுவருக்குள் அடைபடாதது, நுழைவுச்சீட்டு இல்லாதது, ஆயிரக்கணக்கானோர் அதன் அடியிலேயே நின்று பார்ப்பது. கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது உலகம் இந்தக் கலைக்கு ஒரு பெயரளித்தது. ஆனால் இதன் எலும்புக்கூட்டைப் பற்றிக் கேட்டால், கட்கியிலும் கொல்கத்தாவிலும் தஞ்சாவூரிலும் கிடைக்கும் விடை ஒன்றே: “பத்து நாள்தானே!”

இந்த விடை பொய்யானது. அதைச் சொல்வோர் பந்தல் தொழிலாளர்கள் மட்டுமென்றால் இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியதில்லை. பட்டம் பெற்ற பொறியாளர்களும், கட்டமைப்பியல் கற்பிக்கும் துறைகளும், அனுமதி வழங்கும் அலுவலகங்களும் அதையே வேறு சொற்களில் சொல்கின்றன. ஒரு கட்டுமானம் குறைந்த நாள் நிற்கும் என்பது அதன் கணக்கிற்குள் நுழைய வேண்டிய ஓர் எண். கணக்கிலிருந்து கிடைத்த விடுதலை அன்று. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய நூல்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டன.

காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியைத் திறந்தால் போதும். புணேக்கு அது வகுத்த அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். தற்காலிகக் கட்டுமானங்களுக்கு ஐந்தாண்டு ஆயுள் எனக் கொண்டு 0.76 என்ற கெழுவை அந்நூலே தருகிறது. சலுகை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நகரின் கட்டடங்கள் தரும் மறைப்புக்கு இன்னொரு கெழு, ஏறத்தாழ 0.91. மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 27 மீட்டர் வருகிறது; மணிக்கு 97 கிலோமீட்டர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 437 நியூட்டன் அழுத்தம். இனி, 10 மீட்டர் அகலமும் 12 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கோபுர முகப்பை எடுத்துக்கொள்ளலாம். புணேயில் இது பெரிய அளவன்று. அதன் 120 சதுர மீட்டர் பரப்பின் மீது 52 கிலோநியூட்டன் விசை விழுகிறது, அதாவது ஐந்து டன்னுக்கு மேல். வடிவக் கெழு இதைக் கூட்டும், திசைக் கெழு குறைக்கும். இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும்.

ஐந்து டன் பக்கவாட்டு விசை முகப்பின் நடு உயரத்தில், தரையிலிருந்து ஆறு மீட்டர் மேலே தாக்குகிறது. பின்புறம் மூன்று மீட்டர் தள்ளி முட்டுக்கால்கள் ஊன்றப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அந்த முட்டுக்கால்களைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ பத்தரை டன். தார்ச்சாலையில் குழி தோண்டக் கூடாதென்றால் அத்தனையையும் பாரம் வைத்தே அடக்க வேண்டும். 50 கிலோ மணல் மூட்டையானால் 210 மூட்டைகள். எந்தப் பந்தலின் பின்னால் 210 மூட்டைகளைப் பார்க்க முடிகிறது? காற்று பின்னாலிருந்து அடித்தால் முகப்பு சாயும் திசையில்தான் பார்வையாளர் கூட்டம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை விழவில்லையே என்பார்கள். கட்டமைப்பியலில் இதைவிடப் பலவீனமான வாதம் கிடையாது. அந்த வேகத்தில் காற்று அந்தப் பத்து நாளில் அடிக்கவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். அடித்த இடங்களில் என்ன நடந்தது? 2018 ஜூலை 16 அன்று மேற்கு வங்கத்தின் மேதினிபூரில் பிரதமரின் பொதுக்கூட்டத்திலேயே மழைக்கிடையில் பந்தலின் ஒரு பகுதி சரிந்து பலர் காயமுற்றனர். நாட்டின் மிகக் கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடந்து நின்ற பந்தல் அது. 2019 ஜூன் 23 அன்று இராஜஸ்தானின் பாட்மேர் மாவட்டம் ஜசோலில், இராமகதை நடந்துகொண்டிருந்த பந்தலைப் புயற்காற்று சாய்த்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டு நினைவில் இருப்பவை தீ விபத்துகள்: 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின் யாகசாலைப் பந்தல், 2004 ஜனவரி 23, மணமகனையும் பலிகொண்ட திருவரங்கம் திருமண மண்டபத்துக் கூரைப்பந்தல். இவை சரிவால் நேர்ந்தவை அல்ல. ஆனால் தீயைத் தடுக்கும் முறைகளைத் தற்காலிகப் பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்னும் நூல் வகுத்திருக்க, சில நாளுக்குத்தானே என்று அதைத் திறக்காமல் விட்ட மனநிலை இரண்டுக்கும் பொதுவானது.

புணேயில் இந்த மனநிலை இப்போது முன்னைவிட ஆபத்தானது. காரணம் பலரும் கவனிக்காதது. 2018இல் மகாராஷ்டிர அரசு நெகிழியோடு தெர்மகோல் அலங்காரத்தையும் தடை செய்தது. சூழலியல் நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் தெர்மகோல் கன மீட்டருக்கு இருபது கிலோ அளவே எடை கொண்டது. இரண்டு அங்குலத் தடிமனில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அதே இடத்தில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை அறைந்தால் சதுர மீட்டருக்கு ஏழு கிலோவுக்கு மேல். தோலின் எடை ஏழு மடங்காகும்போது, அதைத் தாங்கும் கழிகளும் கட்டும் பழைய கைப்பழக்கத்தின்படியே இருந்தால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, அலங்காரத்துக்கு வாங்கப்படும் ப்ளைவுட் பெரும்பாலும் கடைகளில் ‘கமர்ஷியல்’ என்று விற்கப்படும் மலிவு வகை. அதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. வெளிப்புற மழைக்கு உரியதன்று. விழா வருவதோ பருவமழையின் பின்பகுதியில்.

மரத்துக்கு வருவோம். கட்டமைப்புப் பொருள்களில் காலத்தை வெளிப்படையாகக் கணக்கில் கொள்வதில் மரத்துக்கு நிகரில்லை. அமெரிக்காவின் மாடிசன் நகர வனப்பொருள் ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த சோதனைகள் ஒரு வளைவைத் தந்தன: சில நிமிடங்களில் முறியும் சுமையில் ஏறத்தாழ 62 விழுக்காட்டையே பத்தாண்டுகள் தொடர்ந்து ஏற்றினாலும் மரம் முறியும். சுமை நிற்கும் காலம் குறையக் குறைய மரத்தின் தாங்குதிறன் கூடும். இந்திய மரக் கட்டமைப்பு நூலான ஐ.எஸ். 883 இதைத் தெளிவான எண்களாகத் தருகிறது. தொடர்ந்து நிற்கும் சுமைக்கு 1.0, இரண்டு மாதத்துக்கு 1.15, ஏழு நாளுக்கு 1.25, காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் 1.33. ‘பத்து நாள்தானே’ என்பவருக்கு அந்நூல் தரும் சலுகை இவ்வளவே. விழா பத்து நாள் என்றாலும் சாரம் எழுவது பல நாள் முன்னதாகவே என்பதால், நேர்மையாகக் கணக்கிட்டால் அவருக்குரிய எண் 1.15.

அதே நூல் மற்றொரு கையால் எடுத்துக்கொள்ளும் எண்ணும் ஒன்று உண்டு. கூரைக்கு உள்ளே நிற்கும் மரத்துக்கு அனுமதிக்கப்படும் வளைவுத் தகைவில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே வெளியில் நிற்கும் மரத்துக்கு உண்டு. எப்போதும் ஈரத்தில் நிற்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு. 1.15ஐ ஆறில் ஐந்தால் பெருக்கினால் 0.96. மழைநீர் தேங்கிய தெருவில் நிற்கும் கால்களுக்கு மூன்றில் இரண்டால் பெருக்கினால் 0.77. அதாவது பருவமழையில் பத்து நாள் நிற்கும் பந்தற்கால், வீட்டுக்குள் ஐம்பதாண்டு நிற்கும் உத்தரத்தைவிடக் குறைந்த தகைவுக்கே வடிவமைக்கப்பட வேண்டும். சலுகை கேட்டு வந்தவர் கடனாளியாகத் திரும்புகிறார்.

இங்கேதான் பொறியியல் முறையில் உருவாக்கிய மரத்தின் தேவை எழுகிறது. சவுக்குக் கழியையோ மூங்கிலையோ இழிவாகப் பேசுவது இதன் நோக்கமன்று. கயிற்றுக் கட்டு ஓர் அரிய இணைப்பு. மிகைச்சுமை வந்தால் அது வழுக்கும், முனகும், எச்சரிக்கும். ப்ளைவுட் ஓரத்தில் அறைந்த ஆணியோ சொல்லாமல் பிடுங்கிக்கொள்ளும். பந்தற்காரரின் அனுபவம் உண்மையானது. ஆனால் அது அவர் வழக்கமாகக் கட்டும் உயரத்துக்கும் வடிவத்துக்கும் உரியது. ஒவ்வோர் ஆண்டும் புதிய கோபுரம், புதிய வளைவு, சென்ற ஆண்டைவிட இரண்டடி கூடுதல் உயரம் என்று கேட்கும் கலைக்கு அந்த அனுபவம் பிணை நிற்க முடியாது. அவரிடம் அதைக் கேட்பதும் அநியாயம்.

கழியின் குறை அதன் சராசரி வலிமையில் இல்லை, சிதறலில் இருக்கிறது. ஒரு கணு, ஒரு கோணல், உள்ளே ஒரு பூச்சித்துளை எந்தக் கழியில் இருக்கும் என்று தெரியாது. எடுத்துக்காட்டாக, சராசரி வலிமை 50 அலகு கொண்ட இருவகை மரங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றின் மாறுபாடு 30 விழுக்காடு, மற்றதன் மாறுபாடு 12 விழுக்காடு. நூற்றில் ஐந்து மட்டுமே அதற்குக் கீழே போகும் என்ற மட்டத்தை நம்பித்தான் பொறியாளர் வடிவமைக்கிறார். முதல் வகைக்கு அந்த மட்டம் 25, இரண்டாவதற்கு 40. சராசரி ஒன்றே, நம்பத்தக்க வலிமையில் அறுபது விழுக்காடு வேறுபாடு. மூன்று மில்லிமீட்டர் அளவு மெல்லிய மரத்தகடுகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டும் எல்.வி.எல். செய்வது இதைத்தான். கணு எங்கோ ஒரு தகட்டில் இருக்கும். பக்கத்துத் தகடுகள் அதைத் தாண்டிச் சுமையைக் கொண்டுபோகும். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும் சி.எல்.டி., பட்டைகளை நீளவாக்கில் ஒட்டும் குளூலாம் ஆகியவையும் அதே தத்துவத்தின் பிள்ளைகள்.

கலைக்கு இது என்ன தந்தது என்பதற்கு இலண்டனில் சான்றுகள் உண்டு. 2005இல் செர்ப்பென்டைன் காட்சிக்கூடத்தின் கோடைக்கால மண்டபத்தைப் போர்ச்சுக்கீசியக் கட்டடக் கலைஞர்கள் ஆல்வரோ சீசாவும் எடுவார்டோ சோட்டோ டி மோராவும் வடிவமைத்தபோது, உடன் உழைத்த பொறியாளர் கொழும்பில் பிறந்த சிசில் பால்மண்ட். சிறு எல்.வி.எல். துண்டுகள் ஒன்றை ஒன்று கோத்துத் தாங்கும் வளைந்த வலை அது. ஒரு கோடைக்காக எழுந்தது. 2016இல் அலிசன் புரூக்ஸ் வடிவமைத்து, அரூப் நிறுவனம் கட்டமைப்புக் கணக்கிட்ட ‘தி ஸ்மைல்’ 34 மீட்டர் நீளமுள்ள வளைந்த மரக்குழாய்; நடுவில் மட்டுமே தரையைத் தொட்டு, இரு முனைகளும் மேலே தூக்கி நின்றன. உள்ளே நடப்போர் அனைவரும் ஒரு முனைக்குச் சென்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்தே அதன் வடிவமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. அது விற்பனை உத்தியும்தான். அமெரிக்க வன்மர ஏற்றுமதிக் குழுமம் தன் துலிப் மரத்துக்குச் சந்தை தேடிப் பணம் கொடுத்தது. இதை மறைத்து அதை வெறும் அழகியல் அற்புதமாகக் கொண்டாடும் கட்டுரைகள் எரிச்சலூட்டுபவை. ஆனால் விளம்பரத்துக்காகக் கட்டினாலும் கணக்கிட்டுக் கட்டினார்கள்.

அந்தத் துலிப் மரத்தைக் கப்பலில் வரவழைக்க வேண்டும் என்று எவரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்.வி.எல்.லுக்கு ஐ.எஸ். 14616 என்ற இந்தியத் தரநூல் 1999 முதல் இருக்கிறது. அரியானாவின் யமுனாநகரில் பாப்ளரும் தைலமரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் இரப்பர் மரமும் தகடாகச் சீவப்பட்டு ஒட்டப்படுகின்றன. மூங்கிலைப் பின்னி ஒட்டும் பலகைகளைப் பெங்களூரின் ஒட்டுப்பலகை ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் ஆராய்ந்து தந்திருக்கிறது. பொருள் இருக்கிறது, நூல் இருக்கிறது. இல்லாதது, அவற்றை வைத்துக் கணக்கிடத் தெரிந்த பொறியாளர்.

அவர் ஏன் இல்லை? 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டுமானங்களில் மரத்தைத் தடை செய்தது. காடுகளைக் காக்கும் நோக்கத்தோடு. தடை 2020இல்தான் நீங்கியது. இருபத்தேழு ஆண்டுகள் என்பது பொறியியலில் ஒரு முழுத் தலைமுறை. அரசே வாங்காத பொருளை எந்தக் கல்லூரி முனைந்து கற்பிக்கும்? கான்கிரீட்டும் எஃகும் பாடமாயின. மரம் கட்டடப் பொருள்கள் என்ற முதலாண்டுத் தாளில் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. 1949இல் டென்மார்க்கின் யோஹான்சன் வகுத்த, ஆணியும் போல்ட்டும் மரத்தில் எப்படி நெகிழ்ந்து முறியும் என்ற கோட்பாட்டை ஒரு வகுப்பிலேனும் கேட்ட கட்டமைப்புப் பொறியாளர் இங்கே எத்தனை பேர்? மரக் கட்டுமானம் பெரும்பாலும் முறிவது உத்தரத்தில் அன்று, இணைப்பில் என்பது அக்கோட்பாட்டைப் படித்தவர்க்கே உறைக்கும். இப்பயிற்சி இல்லாத ஒருவர் பந்தலுக்கு ‘கட்டமைப்பு உறுதிச் சான்றிதழ்’ அளித்தால் அதில் அவருடைய கையெழுத்து இருக்கும். காற்று வேகம், பாரத்தின் அளவு, இணைப்பின் வகை எதுவும் இராது. எண் இல்லாத சான்றிதழ் விபத்துக்குப் பின் நீதிமன்றத்துக்கு உதவும். விபத்துக்கு முன் யாருக்கும் உதவாது.

கணக்கு கலையைக் கொன்றுவிடும் என்ற கூக்குரல் அடுத்தது. கலைஞர் தன் உள்ளுணர்வால் எழுப்புவதைப் பொறியாளர் முட்டுக்கொடுத்துக் கெடுக்கிறார் என்று கலைத்துறையினர் சிலர் எழுதுகிறார்கள். 1991இல் கிறிஸ்டோவும் ஜான்-கிளாடும் கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் ஜப்பானில் 1,340 நீலக் குடைகளையும் நிறுத்தினார்கள். 1991 அக்டோபர் 26 அன்று கலிபோர்னியாவில் காற்று ஒரு குடையைப் பெயர்த்தெறிந்ததில் பார்க்க வந்த பெண் ஒருவர் இறந்தார். ஜப்பானில் குடைகளை அகற்றும்போது மின்சாரம் தாக்கித் தொழிலாளர் ஒருவர் இறந்தார். 2006 ஜூலை 23 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் பூங்காவில் மோரிஸ் ஏகிஸின் ‘டிரீம்ஸ்பேஸ்’ என்னும் காற்றடைத்த கலைப்படைப்பு, உள்ளே மனிதர்கள் இருக்கையிலேயே நங்கூரங்களைப் பிடுங்கிக்கொண்டு மேலெழுந்தது. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். இக்கலைஞர்களின் கற்பனையைக் குறை சொல்ல இவை நினைவூட்டப்படவில்லை. கலை என்று பெயரிட்டதால் காற்று விலகிப் போவதில்லை என்பதற்கு இவைதாம் ஆவணம்.

கட்கியைப் பற்றிப் பேசும்போது இவற்றைவிட அதிகம் நினைவில் வர வேண்டியது டெக்சஸ். அங்கே ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டிக்கு முன் ஆயிரக்கணக்கான மரத்தடிகளை மாணவர்களே வெட்டி, அடுக்கு மேல் அடுக்காக நிறுத்தி எரிக்கும் மரபு தொண்ணூறு ஆண்டுக்கால வழக்கம். 1999 நவம்பர் 18 விடியலுக்கு முன் அந்த அடுக்கு சரிந்து, மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 12 பேர் இறந்தார்கள்; 27 பேர் காயமடைந்தார்கள். விசாரணைக் குழு சொன்ன காரணம் எளிமையானது. மேலடுக்குத் தடிகளைக் கீழடுக்கின் இடைவெளிகளில் ஆப்புபோல் இறுக்கிச் செருகியதால் கீழடுக்கு வெளியே பிதுங்க முயன்றது. அதைச் சுற்றிப் பிணைத்த கம்பிக்கு அந்த இழுவிசையைத் தாங்கும் வலு இல்லை. பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாட்டும் தொழிலாளி அறிந்த கணக்குதான். அந்தப் பல்கலைக்கழகமோ பொறியியலுக்குப் பெயர்போனது. சில நூறு அடி தொலைவில் அக்கணக்கைத் தூக்கத்திலும் போடக்கூடிய பேராசிரியர்கள் இருந்தார்கள். அது மரபு, விழா, மாணவர் சமாச்சாரம் என்பதால் அவர்கள் கண்ணுக்கு அது கட்டுமானமாகவே படவில்லை. பக்கத்துத் தெருவில் பொறியாளர் படையே குடியிருந்தாலும் பந்தலுக்குள் பொறியியல் தானாக நடந்து வராது.

பக்தியையும் மரபையும் கேடயமாகப் பிடிப்பவர்களுக்குத் திருவாரூர் ஆழித்தேரைக் காட்டலாம். மரத்தாலான அடித்தேரின் மேல் விழாவுக்கென மூங்கிலும் துணியும் கட்டி, ஏறத்தாழ 96 அடிக்கு உயர்த்துகிறார்கள். நகரும் தற்காலிகக் கலைக்கட்டுமானம் என்றால் உலகில் அதற்கு நிகர் குறைவு. அதற்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்து தந்தது திருச்சி பெல் நிறுவனம். தியாகராசரின் தேருக்கு பிரேக் வேண்டாம், முட்டுக்கட்டை போதும் என்று எந்தப் பக்தரும் போராடியதாகத் தெரியவில்லை. முட்டுக்கட்டை போடுபவரும் இன்றுவரை இருக்கிறார். பிரேக் அவருடைய வேலையைப் பறிக்கவில்லை.

செலவு என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு மண்டல் தனியாக எல்.வி.எல். சட்டங்களை வாங்கிப் பத்து நாள் கழித்துத் தெருவில் போட முடியாது. ஆனால் ஷாமியானாவையும் நாற்காலியையும் எந்த மண்டலும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. நீளமும் குறுக்களவும் துளைகளும் ஒரே அளவாக அறுத்த சட்டங்களை ஒரு கிடங்கில் வைத்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, எஃகுத் தகடும் போல்ட்டும் கொண்டு பூட்டிக் கழற்றும்படி வாடகைக்கு விட்டால், எலும்புக்கூடு பொதுவாகவும் தோல் கலைஞருக்குரியதாகவும் இருக்கும். பெய்லி பாலம் நடைமுறையில் இதுவே: அளவொத்த துண்டுகள், ஊசிப்பூட்டு, சுமை அட்டவணை, கிடங்கு. அந்த ஏற்பாட்டை எண்பதாண்டுகளாக அறிந்த ஊர் கட்கி. கிடங்கை நகராட்சியோ கண்டோன்மெண்ட் வாரியமோ தொடங்கலாம். வாடகை வருவாய் போல்ட் மாற்றவும் பசைப்பிளவு சோதிக்கவும் போதாது என்றால், அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கை அங்கே திருப்பலாம்.

கணக்கிடுவோரும் தொலைவில் இல்லை. 1854இல் தொடங்கிய புணேயின் பழைய பொறியியல் கல்லூரி சிவாஜிநகரில், கட்கிக்கு அடுத்த ரயில் நிலையத்தருகே இருக்கிறது. கட்டமைப்பியல் முதுநிலை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கற்பனைக் கட்டடங்களை வடிவமைக்கத் தருகிறார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு மண்டலின் உண்மையான முகப்பைத் தந்தால் போதும். மழைக்கு முன் வரைபடம், ஆடியில் கணக்கு, சாரம் எழும்போது நேரில் சரிபார்ப்பு. பிரிட்டனின் கட்டமைப்புப் பொறியாளர் கழகம் கழற்றத்தக்க தற்காலிகக் கட்டுமானங்களுக்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டு, அதைப் பலமுறை திருத்தியும் பதிப்பித்திருக்கிறது. இந்தியச் சூழலுக்கு, கயிற்றுக் கட்டையும் மூங்கிலையும் சேர்த்து, மராத்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் அப்படியொரு கைந்நூல் எழுதுவது ஆய்வுத் துறைகள் செய்யக்கூடிய வேலை. பன்னாட்டு இதழ்களில் வெளியாகும் இன்னுமொரு எண்முறை உருவகக் கட்டுரையைவிட அவசரமான வேலை.

பாலத்தின் வாயிலில் வகை எண் எழுதிய பலகை நிற்பதுபோல் பந்தலின் வாயிலிலும் ஒரு பலகை வேண்டும். எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிடப்பட்டது, மேடையில் எத்தனை பேர் ஏறலாம், பின்னால் எத்தனை டன் பாரம் இருக்கிறது என்பவை அதில் இருக்கட்டும். அவற்றுக்கு மேலே, பெரிய எழுத்தில், காற்று எந்த வேகத்தை எட்டினால் கூட்டத்தை வெளியேற்றி முகப்பின் எதிரே உள்ள தெருவை மூட வேண்டும் என்ற எண் இருக்க வேண்டும். காற்றுமானி ஒன்று முகப்பின் உச்சியில் இருக்கட்டும். அதைப் படிக்கவும், ஆரத்தி நடந்துகொண்டிருந்தாலும் ஒலிபெருக்கியை வாங்கிக் கூட்டத்தைக் கலைக்கவும் உரிமை பெற்ற ஒருவர் பத்து நாளும் இரவுபகலாகப் பந்தலில் இருக்க வேண்டும்; அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் அதே பலகையில்.